ஜெர்மன் மூதாதையரைத் தேட: முதலில் ஊர்ப் பெயரைப் பிடியுங்கள்

"ஜெர்மன் மூதாதையரைத் தேடுகிறேன், எங்கே ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர்? பதில் பெரும்பாலும் "ஜெர்மனி" என்று வரும். கொஞ்சம் முன்னேறியவர்கள் அன்றைய பெரிய ஜெர்மன் ராஜ்யமான "பிரஷ்யா" என்பார்கள். இரண்டுமே போதாது. தேசம் முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று அங்கே எப்போதும் இருந்ததில்லை. நாடே 1871இல்தான் ஒன்றானது. 1815க்குப் பிறகுகூட ராஜ்யம், கோமகன் ஆட்சி, சுதந்திர நகரம் என்று 39 அரசுகளாகத்தான் இருந்தது. பிறப்பும் கல்யாணமும் சாவும் அந்தந்த ஊர்த் தேவாலயத்தில், அந்தந்தப் போதகர் கையால் எழுதப்பட்டவை. ஊர் தெரியாமல் ஜெர்மனிக்குள் இறங்கித் தேடுவது காட்டில் விழுந்த ஊசியைத் தேடுகிற கதை.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. என் மனைவி வழியில் ஜெர்மன் ரத்தம் உண்டு. மாமனாரின் கொள்ளுத்தாத்தா அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் வந்து குடியேறியவர். "ஹனோவரிலிருந்து வந்தோம்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சரி, ஹனோவர் என்றொரு நகரம் இருக்கிறதே என்று அதன் தேவாலயப் பதிவேடுகளில் எட்டு மாதம் தலையைக் கொடுத்தேன். ஒன்றுமே இல்லை. அவர்கள் சொன்ன ஹனோவர் நகரமல்ல, ராஜ்யம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடலுக்கு இந்தப் பக்கம் முதலில்

ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஜெர்மனியில் கிடைக்காது, அவர்கள் போய் இறங்கிய நாட்டில்தான் கிடைக்கும். அமெரிக்காவுக்குப் போனவர்கள்தான் மிக அதிகம் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். மற்ற நாடுகளுக்கும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர் இருக்காது, அரசின் பெயர் இருக்கும். அதையும் யோசித்துப் படிக்க வேண்டும். எங்கள் ஆள் 1870 கணக்கெடுப்பில் "ஹனோவர்", 1880இல் "பிரஷ்யா". இவர்கள் இரண்டு வேறு ஆட்கள் என்று நினைத்து ஒருவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். ஆள் ஒருவர்தான், மாறியது வரைபடம். 1866 போரில் ஜெயித்த பிரஷ்யா ஹனோவர் ராஜ்யத்தை விழுங்கிவிட்டது, பிறந்த இடத்தைக் கேட்டவருக்கு ஒரு முறை பழைய பெயரைச் சொல்லியிருக்கிறார், மறுமுறை புதிய பெயரை. ஹெஸ்ஸன்-காசல், நசாவ் இரண்டும் அதே வருடம் அதே வாய்க்குள் போனவைதான். அதனால் வருடம் வாரியாக எல்லாக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முரண் மாதிரித் தெரிவதே சில சமயம் துப்பு. 1890க்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், அது 1921 தீ விபத்தோடு அநேகமாக முழுவதும் போய்விட்டது.

குடியுரிமைப் பத்திரங்களில் 1906 செப்டம்பருக்குப் பிறகானவைதான் விவரமானவை, பிறந்த ஊரே இருக்கும். அதற்கு முந்தையதில் பல சமயம் ஒரு வரிதான் தேறும்: "இன்ன மன்னருக்கு இருந்த விசுவாசத்தைத் துறக்கிறேன்." ஆனால் அந்த மன்னர் யார் என்று பாருங்கள். ஹனோவர் மன்னரா, பவேரிய மன்னரா, வூர்ட்டம்பெர்க் மன்னரா? தேட வேண்டிய பரப்பு அந்த ஒரு வரியில் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

ஆனால் என் அனுபவத்தில் தங்கச் சுரங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. குடியேறியவர்கள் அங்கே கட்டிக்கொண்ட ஜெர்மன் மொழித் தேவாலயங்களின் பதிவேடுகள். அரசாங்க எழுத்தர் "ஜெர்மனி" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். போதகரோ தானும் அதே மண்ணிலிருந்து வந்தவர், ஊர்ப் பெயரைக் கேட்டு அதைச் சரியாக எழுதவும் தெரிந்தவர். அடக்கப் பதிவேட்டில், கல்யாணப் பதிவேட்டில், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு) பட்டியலில் எல்லாம் பாருங்கள். ஜெர்மன் மொழிச் செய்தித்தாள்களில் வந்த இரங்கல் குறிப்பும், கல்லறைக் கல்லில் "இன்ன ஊரில் பிறந்தார்" என்று பொறித்திருப்பதும் இதே ரகம்.

கப்பல் பட்டியலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹாம்பர்க் துறைமுகம் வழியாகப் போனவர் என்றால் யோகம்தான், 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன, கடைசியாக வசித்த ஊரும் அதில் இருக்கும். ப்ரேமன் வழியாகப் போனவர் என்றால் கஷ்டம். வைக்க இடமில்லை என்று பழைய பட்டியல்களை அங்கேயே அழித்துவிட்டார்கள், மிஞ்சியதும் போர்க்காலத்தில் போயிற்று. 1920க்கும் 1939க்கும் இடைப்பட்ட ஒரு பகுதிதான் இன்று இருக்கிறது. அதை உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கம் ஒன்று வணிகர் சபையோடு சேர்ந்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. சங்கத்தின் பெயர் "டீ மவுஸ்", ஆமாம், எலிதான், 1924இலிருந்து பதிவேடுகளைக் கொறித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆள் ப்ரேமன் வழி. அதைச் சொல்லாமலே ஊகித்திருப்பீர்கள்.

இத்தனை செய்தும் கிடைக்கவில்லையா? உங்கள் ஆளை விட்டுவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுங்கள். யாரும் தனியாகக் கடல் தாண்டவில்லை. முதலில் ஒருவர் போவார், கடிதம் போடுவார், பின்னாலேயே மச்சான், பெரியப்பா மகன், எதிர்வீட்டுக்காரர் என்று ஊரே வரிசையாகக் கிளம்பும். அதனால் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், குழந்தைகளுக்கு ஞானத்தாய் ஞானத்தந்தையாக நின்றவர்கள், பக்கத்து நிலத்தை வாங்கியவர் எல்லாருடைய பெயரையும் எழுதிவையுங்கள். இதை ஒரு முக்கியமான வேலையாகச் செய்யுங்கள், பின்னால் இந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன்.

ஊர்ப் பெயர் கிடைத்தும் ஊர் கிடைக்காதபோது

கிடைத்த பெயர் அலங்கோலமாக இருக்கும். வட ஜெர்மனியில் வீட்டில் பேசியது கீழ் ஜெர்மன், பிளாட்டாயிட்ச். அந்த உச்சரிப்பில் சொன்னதை ஆங்கிலக் காதால் கேட்டு ஒருவர் எழுதியிருப்பார். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். 'b'யை 'p'யாக, 'd'யை 't'யாக, 'g'யை 'k'யாக, அப்படியே திருப்பியும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், ஜெர்மன் வட்டார வழக்குகளில் இந்த ஒலிகள் ஒன்றுக்கொன்று சர்வசாதாரணமாக இடம் மாறும்.

அப்புறம் மெயர்ஸ் கெஸட்டியரைத் திறங்கள். 1912-13 காலத்து ஜெர்மன் பேரரசின் இட அகராதி அது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள், இப்போது இணையத்தில் இலவசம். தெரியாத எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். பதிவில் குட்டி குட்டிச் சுருக்கெழுத்தாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: சிவில் பதிவு அலுவலகம் எங்கே இருந்தது, அந்த ஊரில் தனித் தேவாலயம் இருந்ததா அல்லது பக்கத்து ஊர்த் தேவாலயத்தோடு சேர்ந்ததா. பத்து வீடு உள்ள குக்கிராமத்துக்குத் தனிப் பதிவேடு இருக்காது, நாலு கிலோமீட்டர் தள்ளிய ஊரின் பதிவேட்டில்தான் உங்கள் ஆட்கள் இருப்பார்கள். நாய்ஷ்டாட், மூல்ஹவுசன் மாதிரிப் பெயர்கள் ஏகப்பட்டவை, ஃப்ராங்க்ஃபர்ட்டே மைன் நதிக்கரையில் ஒன்று, ஓடர் நதிக்கரையில் ஒன்று. முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

குடும்பப்பெயர் அபூர்வமானது என்றால் இன்னொரு வழியும் உண்டு. முதல் உலகப்போரில் செத்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர் பட்டியல்களை காம்ப்ஜென் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் முழுவதும் தட்டச்சு செய்திருக்கிறார்கள், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், இலவசம். பெயரோடு ஊரும் இருக்கும். உங்கள் குடும்பப்பெயரைப் போட்டு எந்தெந்த ஊர்களில் குவிகிறது என்று பாருங்கள். அறுபது வருடம் முன்பே கப்பலேறியவரின் சொந்தக்காரர்கள் அநேகமாக அதே வட்டாரத்தில்தான் இருந்திருப்பார்கள். மியூலர், ஷ்மிட், மெயர் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

எந்தப் பதிவேடு, எங்கே

இரண்டு வகைப் பதிவேடுகளைப் பிரிக்கிற கோடு 1876. அந்த வருடம் ஜனவரி 1 முதல் பேரரசு முழுவதும் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் ஸ்டாண்டஸாம்ட் என்கிற சிவில் பதிவு அலுவலகத்துக்கு வந்தது. பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலேயே. சில பகுதிகளில் இன்னும் முன்னதாகவே, உதாரணமாக ரைன் நதியின் மேற்குக் கரை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1798 வாக்கிலேயே அங்கே சிவில் பதிவு வந்துவிட்டது.

2009இல் சட்டம் மாறியதிலிருந்து பிறப்புப் பதிவுகள் 110 வருடம், கல்யாணம் 80, இறப்பு 30 வருடம் கழிந்ததும் ஆவணக்காப்பகத்துக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு உட்பட்டது என்றால் நேரடி வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, 1920இல் பிறந்தவரின் பிறப்புப் பதிவு கிடைக்காமல் போகலாம், ஆனால் அவர் 1990இல் செத்திருந்தால் இறப்புப் பதிவு இப்போது திறந்தது, பிறந்த ஊரும் தேதியும் அதிலேயே இருக்கும். பூட்டிய வாசலை இடிக்காமல் பக்கத்துக் கதவைப் பாருங்கள். ஓரக்குறிப்புகளையும் விடாதீர்கள். பிறப்புப் பதிவின் ஓரத்தில் பின்னால் நடந்த கல்யாணமோ சாவோ சேர்த்திருப்பார்கள். யூதக் குடும்பங்களின் பதிவுகளில் 1939இல் நாஜி அரசு கட்டாயமாகச் சேர்த்த "இஸ்ரேல்", "சாரா" என்ற பெயர்கள் அதே ஓரத்தில் இருக்கும், போருக்குப் பிறகு அதை ரத்து செய்த குறிப்பும் கீழேயே இருக்கலாம்.

1876க்கு முன்னால் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடு, அவர்கள் சொல்வது கிர்ஹென்பூஹ். இங்கே மதப்பிரிவு தெரிந்தாக வேண்டும். கத்தோலிக்கப் பதிவேடுகள் நிறைய மாட்ரிகுலா தளத்தில் இலவசமாக இருக்கின்றன. புரட்டஸ்டன்ட் என்றால் ஆர்கியோன் தளம், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். எல்லா ஊரும் இரண்டிலும் இல்லை, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பதிவேடு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பட்டியலைப் பார்க்கக் காசில்லை. ஃபேமிலிசர்ச் என்ற தளத்திலும் பெரிய சேகரம் உண்டு, கணக்குத் தொடங்க இலவசம், ஆனால் சில படங்களை அவர்களுடைய மையத்தில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்துபோன பதிவேடுகள் ஏராளம். பல ஊர்களில் அதற்கு முன்னால் போகவே முடியாது, அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிழக்குப் பக்கத்து ஆட்கள், அதாவது பொமரேனியா, சிலேசியா, கிழக்கு பிரஷ்யா, இன்றைய போலந்திலும் ரஷ்யாவிலும் தேட வேண்டும். போலந்து அரசு ஆவணக்காப்பகங்கள் ஏராளமான பக்கங்களை இலவசமாகத் தளத்தில் போட்டிருக்கின்றன. ஊரின் ஜெர்மன் பெயரும் போலிஷ் பெயரும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் பதிவேடுகள் பெர்லினிலும் லைப்ஸிக்கிலும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. படைவீரர் என்றால் பிரஷ்ய ராணுவக் காப்பகம் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் குண்டுக்கு எரிந்துபோனது, பவேரியப் படையின் ஆவணங்கள் ம்யூனிக்கில் பத்திரமாக இருக்கின்றன. நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்களைத் தேட ஆரோல்சன் ஆவணக்காப்பகம்.

அந்தக் கையெழுத்து

இங்கேதான் பாதிப் பேர் கைகழுவிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் பக்கத்தைத் திறந்ததும் மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். அது குரெண்ட் எழுத்து. 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் அதன் எளிமையான வடிவமான ஸூட்டர்லினைச் சொல்லிக்கொடுத்தார்கள், 1941இல் இரண்டையுமே நிறுத்திவிட்டார்கள். இன்றைய ஜெர்மன்காரர்களில் பலருக்கும் படிக்கத் தெரியாது என்பதால் நீங்களும் அவர்களும் ஒரே படியில்தான் நிற்கிறீர்கள்.

நான் மாட்டிக்கொண்டது 'இ' எழுத்தில். குரெண்டில் ஆங்கில 'இ'யும் 'என்'னும் கிட்டத்தட்ட ஒரே உருவம், இரண்டு சிறு கோடு. மெயர் என்ற பெயரைப் பார்த்தால் ஏதோ "ம்னய்ன்ர்" என்று எழுதிய மாதிரி இருக்கும். வாயில் நுழையாத பெயராக வருகிறதே, இது எங்கள் குடும்பம் இல்லை என்று அந்தப் பக்கத்தை மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறேன். 'யு' எழுத்தும் அதே இரண்டு கோடுதான், மேலே ஒரு சின்னக் கொக்கி போட்டு வித்தியாசம் காட்டுவார்கள். அதனால் கொக்கியைத் தேடுங்கள், கோட்டை அல்ல. 'எச்' மேலேயும் கீழேயும் வளையம் போடும். சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' நீளமான ஒரு குச்சி, கடைசியில் வருவது சுருண்டது. 'என்' அல்லது 'எம்' மேலே ஒரு கோடு இழுத்திருந்தால் அதை இரட்டித்துப் படிக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள நல்ல வழி, உங்கள் குடும்பப்பெயர், ஊர்ப் பெயர், பிறகு பன்னிரண்டு மாதங்களின் பெயரையும் குரெண்டில் நீங்களே ஐம்பது முறை எழுதிப் பாருங்கள். கை பழகினால் கண் தானாகப் பழகும். அடுத்து, தெரிந்த சொல்லிலிருந்து தெரியாததற்குப் போங்கள். அந்தப் போதகர் "யோஹான்" என்று நூறு முறை எழுதியிருப்பார், அதிலிருந்து அவருடைய 'ஓ', 'எச்', 'என்' மூன்றும் கிடைத்துவிடும், அதை வைத்து அடுத்த சொல். பழைய கையெழுத்தைப் படித்துத் தரும் ட்ரான்ஸ்கிரிபஸ் மாதிரி மென்பொருள் உதவும்தான், ஆனால் அது சரியாகக் கோட்டை விடுவது பெயர்களிலும் ஊர்களிலும், நமக்கு வேண்டியதே அவை இரண்டும்தான்.

தேதியில் ஒரு பள்ளம் உண்டு, பலர் விழுந்திருக்கிறார்கள். '7' போட்டுப் பக்கத்தில் 'பெர்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. அப்படியே 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். 1700க்கு முன்னால் கத்தோலிக்கரும் புரட்டஸ்டன்ட்களும் வேறு வேறு நாள்காட்டியில் இருந்தார்கள். புரட்டஸ்டன்ட் பகுதிகளில் 1700 பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1.

யோஹான்கள் ஜாக்கிரதை

ஒரே வீட்டில் நாலு அண்ணன் தம்பிக்கும் முதல் பெயர் யோஹான் என்றால் குழப்பிக்கொள்ள வேண்டாம், கூப்பிட்ட பெயர் இரண்டாவதோ மூன்றாவதோதான். பல பதிவேடுகளில் அதற்குக் கீழே கோடு போட்டிருப்பார்கள். கைக்குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம், ஆகவே ஞானஸ்நானம் கிடைத்த சந்தோஷத்தில் நிறுத்திவிடாமல் அடுத்த ஐந்து வருட அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள். நான் புரட்டவில்லை. ஒன்றரை வயதில் இறந்த குழந்தையை அமெரிக்காவுக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்து, ஒன்பது பிள்ளைகளையும் கொடுத்திருந்தேன்.

லத்தீனில் எழுதிய கத்தோலிக்கப் போதகர்கள் குடும்பப்பெயரையும் விட்டுவைக்கவில்லை, மியூலர் "மோலிட்டர்" ஆவார், ஷ்னைடர் "சார்ட்டர்" ஆவார். பெண்களின் பெயருக்குப் பின்னால் 'இன்' சேரும், "மியூலரின்" என்று இருந்தால் மியூலர் வீட்டுப் பெண். வடமேற்கு மூலையில் இருக்கும் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்தில் 1811 வரை பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப்பெயரே கிடையாது, அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர், நமக்கு இது புதிதில்லை.

வெஸ்ட்ஃபாலியா, ஓஸ்னாப்ரூக் பக்கத்து வழக்கம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அங்கே பண்ணைக்குத்தான் பெயர், ஆளுக்கு அல்ல. வீட்டோடு மாப்பிள்ளையாகப் பண்ணைக்குப் போனவர் தன் குடும்பப்பெயரைக் கழற்றிவிட்டுப் பண்ணையின் பெயரை மாட்டிக்கொள்வார். பதிவேட்டில் இரண்டு பெயருக்கு நடுவில் "கெனாண்ட்" என்று ஒரு சொல் இருக்கும், "என்று அழைக்கப்படுகிற" என்று அர்த்தம். அதைப் பார்த்தால் நின்று நிதானமாகப் படியுங்கள். அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறையிலிருந்து வேறு யாருடைய வம்சத்தையோ ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

துப்பைப் பகிர்வது

இப்போது அந்த ஞானத்தாய் விஷயம். எங்கள் ஆளின் மூத்த பெண்ணுக்கு ஞானத்தாயாக நின்ற ஒரு பெண்ணின் பெயரை எழுதிவைத்திருந்தேன், உறவா இல்லையா என்று தெரியாது. அந்தப் பெண் வழியில் வந்த ஒருவர், வேறு மாநிலத்துக்காரர், ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, தன் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எழுதிய கேள்வியில் ஞானத்தாயின் பெயர் இருந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. அவர் வீட்டு பைபிளுக்குள் மடித்துவைத்த திடப்படுத்தல் சான்று ஒன்று இருந்தது, ஓஸ்னாப்ரூக்குக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரின் பெயரோடு. அந்த ஊர்ப் பதிவேட்டில் 1831க்குப் போனேன். வரிசை எண், பிறந்த நாள், நேரம், குழந்தையின் பெயர், அப்பா "ஹாயர்லிங்", அதாவது பண்ணைக்காரரின் சின்னக் குடிலில் வாடகைக்கு இருந்து கூப்பிட்டபோதெல்லாம் அவர் வயலில் வேலை செய்து கழிக்க வேண்டியவர். கடைசிக் கட்டத்தில் வேறு மையில், வேறு கையில் இரண்டே சொல்: "நாஹ் அமெரிக்கா". அமெரிக்காவுக்கு.

நான் "ஹனோவர் மெயர் குடும்பம், யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. முதல் ஒரு வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பதிலும் வரவில்லை. கேட்பது இப்படி இருக்க வேண்டும், உதாரணத்துக்குச் சொல்கிறேன்:

"ஹைன்ரிஹ் மெயர், பிறப்பு 1830-33, ஹனோவர் ராஜ்யம், லூத்தரன். 1854க்கும் 1857க்கும் நடுவில் ப்ரேமன் வழியாகப் போயிருக்கலாம், இது என் ஊகம். 1858இல் ஒஹாயோவில் கல்யாணம், தேவாலயப் பதிவைப் பார்த்தேன். சாட்சிகள் இன்னார், ஞானத்தாய் இன்னார். ஹனோவர் நகரத்தின் மூன்று தேவாலயங்களில் 1828 முதல் 1835 வரை தேடிவிட்டேன், இல்லை. ஒரே கேள்வி: இந்தச் சாட்சிகளில் யாருடைய சொந்த ஊராவது உங்களுக்குத் தெரியுமா?"

எது கண்ணால் பார்த்தது, எது ஊகம், எது வீட்டில் சொன்ன கதை என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். தேடிக் கிடைக்காத இடத்தைச் சொல்வதும் உதவிதான், அடுத்தவர் அதே கிணற்றில் மறுபடி இறங்க வேண்டாம். குடும்பப்பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "என் வம்சத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அனுப்புங்கள்" என்று வருகிற கடிதத்தைப் படிக்கிறவர் மூடிவைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவார்.

கையெழுத்தைப் படித்துச் சொல்லும்படி கேட்டால் புரியாத அந்தச் சொல்லை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். எழுதியவரின் மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும். தேவாலயத்தின் பெயர், பதிவேட்டு வகை, வருடம், பக்கம், வரிசை எண் எல்லாம் கூடவே. நீங்கள் என்னவென்று படித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, முயன்று பார்த்தவருக்கு எல்லாருமே உதவுவார்கள்.

ஜெர்மனியில் இருக்கிற ஆய்வாளருக்கோ காப்பகத்துக்கோ எழுதினால் ஜெர்மனிலேயே, குட்டி குட்டி வாக்கியங்களாக. இயந்திர மொழிபெயர்ப்பு போதும், ஆனால் மரியாதைச் சொல்லான "ஸீ"யில் இருக்க வேண்டும், "டூ" வந்துவிட்டதா என்று ஒரு முறை பாருங்கள். பெரியவரைப் போய் "நீ" என்று விளித்த மாதிரி ஆகிவிடும். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், தேடுகிற நேரத்துக்குக் காப்பகங்கள் பணம் வாங்கும். அந்த ஊருக்கு ஊர்க் குடும்பப் புத்தகம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், ஊரின் எல்லாக் குடும்பங்களையும் பதிவேட்டிலிருந்து யாரோ புண்ணியவான் வருடக்கணக்கில் உட்கார்ந்து தொகுத்திருப்பார். பாடன், ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து பக்கம் இவை நிறைய, காம்ப்ஜென் தளத்திலேயே பல கிடைக்கும்.

அங்கே உறவினர் யாராவது கிடைத்தால் பழைய அலமாரியில் "ஆனன்பாஸ்" என்ற சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்கலாம். நாஜிக் காலத்தில் "ஆரிய" வம்சம் என்று நிரூபிக்கச் சொன்னபோது நிரப்பிய புத்தகம் அது. நோக்கம் கேவலமானது, ஆனால் உள்ளே போதகர் முத்திரையோடு பெயரும் தேதியும் ஊரும் இருக்கும். முதல் கடிதத்திலேயே கேட்காதீர்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சில வீடுகளில் பேசுவதே இல்லை.

வம்ச மரத்தை ஜெட்காம் கோப்பாக (வம்ச மர மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம்) அனுப்பினால் உயிரோடு இருப்பவர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள், எல்லா மென்பொருளிலும் அதற்கு வசதி உண்டு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், இருந்தாலும் போன வருடம் போன பாட்டியின் விவரத்தைப் போடும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது முறை. கோப்பை அனுப்புவதைவிட ஆதாரப் பக்கத்தின் படத்தை அனுப்புவது மேல் என்பது என் கட்சி. மரத்தை நகல் எடுப்பது ஒரு சொடுக்கு வேலை, தப்போடு சேர்த்து நகலாகும்.

அந்த ஒன்றரை வயதுக் குழந்தையை நான் என் மரத்தில் போட்டு வெளியில் விட்டிருந்தேன் இல்லையா, திருத்துவதற்குள் ஏழு பேர் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அடக்கப் பதிவின் படத்தோடு எழுதினேன். நாலு பேர் திருத்தினார்கள். ஒருவர், "என் மரத்தில் இப்படித்தான் இருக்கிறது, அது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டார். அந்த மரம் என்னுடையதுதான் என்று அவருக்கு இரண்டு முறை விளக்கியாயிற்று. மீதி இரண்டு பேரிடமிருந்து இன்னும் பதில் இல்லை, அந்தக் குழந்தை அவர்கள் மரத்தில் இப்போதும் ஒன்பது பிள்ளைகளோடு ஒஹாயோவில் விவசாயம் பார்க்கிறது.